சேலையூர் ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்

வேலைக்குச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள், டீ குடிக்க இறங்கும் நேரத்தில், உங்களில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டே தீருவீர்கள். "அக்கா, தேடுபொறிக்காரங்க இந்த அப்டேட் எல்லாம் யாருக்காகப் பண்றாங்க? தேடற ஜனங்களுக்கா, இல்ல கம்பெனி லாபத்துக்கா?" நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டும்போதுகூட ஒரு பிள்ளை இதைக் கேட்டது. வாயில் கேக் இருந்ததால் தப்பித்தேன். இப்போது வாயும் காலி, நேரமும் நிறைய இருக்கிறது. எழுதியே விடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாற்பது வயதுக்கு மேல்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதற்கு முன் கடைகளின் தொலைபேசி எண்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடும் இடத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தை யாரும் புரட்டுவதில்லை என்றானதும், கேம்ப் ரோட்டில் மருந்துக்கடை மாடியில் இருந்த நம் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தேன். சின்னக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பது, யாராவது தேடுபொறியில் தேடினால் அந்தக் கடை முதல் பக்கத்தில் வரும்படி செய்வது, இதுதான் வேலை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பழைய ஆட்கள் சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை.

என் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஸ்டெல்லா அக்கா. இரும்புலியூரில் அவரும் வீட்டுக்காரரும் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார்கள். தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனால் கழற்றி, உள்ளே எரிந்துபோன செப்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகச் சுற்றிக் கொடுப்பார்கள். காயில் சுற்றுவது அவர் வீட்டுக்காரர். போன் எடுப்பது, மெக்கானிக்குகளை அனுப்புவது, அதட்டுவது எல்லாம் அக்கா. என்னைவிட மூன்று வயது சின்னவர்தான், ஆனாலும் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவதால் நானும் ஒட்டிக்கொண்டேன். அவர் என்னை மேடம் என்பார். வாசலில் 'ஸ்டெல்லா மோட்டார் ஒர்க்ஸ்' என்று பெரிய போர்டு. கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெயரை எழுதி மாட்டிவிட்டுத்தான் பெண் கேட்டு வந்தாராம் வீட்டுக்காரர். "போர்டை அழிக்கச் சொல்ல மனசு வரல, அதான் கட்டிக்கினேன்" என்பார் அக்கா.

அந்தக் கடைக்கு நான் செய்த சாமர்த்தியத்தைக் கேளுங்கள். தாம்பரத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதினேன். 'தாம்பரம் மக்களே, மோட்டார் பழுதா? தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம், எங்கள் கடை' என்று ஆரம்பிக்கும். பிறகு அதை இருபத்தெட்டு நகல் எடுத்து, தாம்பரம் என்று வரும் இடத்தில் எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்ப் பெயரை மாற்றும்படி கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. இருபத்தொன்பது ஊர்க்காரர்கள் எங்கிருந்து தேடினாலும் ஸ்டெல்லா அக்காவின் கடை முதல் பக்கத்தில் வந்தது. முதலாளி எனக்குப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பக்கங்களில் ஒன்றைக்கூட நான் திரும்பப் படிக்கவில்லை.

இரண்டு வருஷம் ஜோராக ஓடியது. பங்குனி வெயில் ஏற ஏற எல்லார் வீட்டு மோட்டாரும் திணறும், அக்கா கடையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நம்பிக்கையில் பக்கத்துக் கடையையும் எடுத்து, இரண்டு மெக்கானிக்குகளைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார். சரியாக அந்த நேரத்தில் அப்டேட் வந்தது. தேடுபொறிக் கம்பெனி, எதை முதலில் காட்டுவது எதைக் கீழே தள்ளுவது என்று தன் கணக்கை மாற்றிக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் எங்கள் இருபத்தொன்பது பக்கங்களில் ஒன்றையும் காணோம். ஐந்தாம் பக்கம்வரை தேடிப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

அக்கா கடையில் போன் அடிப்பது நின்றது. அன்று சாயங்காலமே, வீட்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப் கம்பெனியின் ஆள் கையில் படிவத்தோடு அங்கே வந்து நின்றார். எங்களோடு சேர்ந்துவிடுங்கள், வேலை நாங்கள் தருகிறோம் என்றார். ஆனால் போன் அவர்கள் எண்ணுக்குத்தான் வரும், மெக்கானிக்குகள் அவர்கள் பெயர் போட்ட டி-ஷர்ட்தான் போட வேண்டும், வாசலில் அவர்கள் போர்டுதான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். புதிதாகச் சேர்த்த இரண்டு பேரையும் அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. கையெழுத்துப் போட்டால் அந்த இரண்டு பேர் வேலை பிழைக்கும், அக்காவின் பெயர் போகும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "போய்ச் சொல்லிட்டு வாங்க. சின்னக் கடையெல்லாம் கீழ தள்ளினாதான் அவனுக்கு விளம்பரம் விக்கும். எல்லாம் லாபத்துக்குப் பண்றான், நம்ம கையில ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க." நானும் அதை முழுக்க நம்பினேன். கோபம் வேறு. செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூட்டரில் இரும்புலியூர் போகும் வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். தேடுபொறிக் கம்பெனியின் பேராசை, சின்னவர்களின் வயிற்றில் அடிப்பது என்று நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் போன் அடித்தது. அக்காவின் கையெல்லாம் கிரீஸ், அதனால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அலோ, ஸ்டெல்லா மோட்டாரா? நான் ஆட்டோக்காரன் பேசறேன். சேலையூர்ல ஒரு அப்பார்ட்மென்ட் அம்மா மோட்டாரைக் கயட்டி என் வண்டில ஏத்தி அனுப்பிச்சிகீது."

"எடுத்துகினு வாப்பா."

"எங்க வர்றது? அந்தம்மா எப்பவோ புடிச்சி வச்ச ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிச்சிகீது. சேலையூர் ரயில்வே ஸ்டேஷன்லேருந்து பத்தே நிமிசம்னு போட்டுகீது. நான் இருவது வருசமா இங்கயேதான் வண்டி ஓட்டிகினு கீறேன். இந்த ஸ்டேஷனை எப்போ தொறந்தாங்கோ?"

அக்கா போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்ல, நெஜமா இருந்தா சொல்லுங்க" என்றது போன். "அங்கயே ஸ்டாண்டு போட்டுடறேன்."

சேலையூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பாதையே கிடையாது. அங்கே பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிற எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரயில் ஏற வேண்டுமானால் பஸ் பிடித்துத் தாம்பரம் போகிறவள் நான். அங்கேயே போனில் எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். மாடம்பாக்கம் ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம். ராஜகீழ்ப்பாக்கம் ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம். கடை இருக்கிற இரும்புலியூருக்கே ஒரு ஸ்டேஷன் கட்டிவிட்டிருந்தேன். வண்டலூர் மாதிரி இரண்டொரு ஊருக்கு நிஜமாகவே ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது நான் செய்த புண்ணியம் இல்லை. ரயில்வேக்காரர்கள் இத்தனை வருஷமாகச் செய்யாததை ஒரு மத்தியானத்தில் செய்து முடித்திருந்தேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் வசனம் பாதியில் நின்றிருந்தது. அதை அப்படியே தொடர்ந்திருக்கலாம். கம்பெனி, லாபம் என்று சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பார், முதலாளியும் மெச்சியிருப்பார். எனக்கோ முகமெல்லாம் எரிந்தது. அவமானத்தைவிட, கடை போர்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லப் போகிறோமே என்கிற பயம்தான் அதிகம்.

"அந்த ஸ்டேஷனை நான்தான் கட்டினேன் அக்கா" என்றேன். செய்ததை எல்லாம் சொன்னேன்.

அக்கா உள்ளே திரும்பி, "என்னங்க, இங்க வாங்க, இதைக் கேளுங்க" என்றார். அவர் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கும் பற்றிக்கொண்டது. கடைசியில் நானும் சிரித்தேன். ஆட்டோக்காரர் இன்னும் லைனிலேயே இருந்தார். கடைக்கு நிஜமான வழியை அவருக்குச் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டார். "அப்போ அந்தக் கம்பெனிக்காரன் என்னைத் தூக்கினது நாயம்தான்ங்கறீங்களா மேடம்?"

"உங்களைத் தூக்கல அக்கா. என்னைத் தூக்கியிருக்காங்க. நீங்க என்கூடச் சேர்ந்து மாட்டிக்கிட்டீங்க. நம்ம இருந்த இடத்துக்கு மேல நாலு விளம்பரம் வச்சிருக்காங்க பாருங்க, அது அவங்க லாபத்துக்கு. ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கு."

"சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னா பண்ணுவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு போன் வந்தது. பழைய வாடிக்கையாளர் யாரோ, மோட்டார் ஓடவில்லை என்றார். அக்கா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "போனை மோட்டார்கிட்ட வை. வச்சிட்டு சுச்சைப் போடு." ஸ்பீக்கரில் 'ஊம்' என்று ஒரு முனகல் கேட்டது. "கண்டன்சர் போயிருக்கு. பக்கத்து எலக்ட்ரிக் கடையில வாங்கி மாட்டிக்கோ. இத்தைத் தூக்கிகினு இங்க வராதே." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

இதை அந்தக் கடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒரு தடவையாவது யோசித்ததில்லை. "இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பறீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"பாதிப் பேரு. அவங்களுக்கு இன்னிக்கு இங்க வேலை இல்ல. நாளைக்கு நெஜமாவே காயில் எரிஞ்சா எங்கிட்டதான் வருவாங்க."

அன்று சாயங்காலமே அந்த இருபத்தொன்பது பக்கங்களையும் என் கையாலேயே அழித்தேன். புதன்கிழமை கடைக்குப் போய் ஐந்து சத்தங்களைப் பதிவு செய்தோம். முனகிவிட்டுச் சுற்றாமல் நிற்பது ஒன்று. கடகடவென்று பேரிங் அரைப்பது இரண்டு. நன்றாகச் சுற்றியும் தண்ணீர் ஏறாதது மூன்று. போட்ட உடனே அணைந்துபோவது நான்கு. கீழ்த்தொட்டியில் தண்ணீரே இல்லாமல் வெறுமனே கத்துவது ஐந்து. அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மோட்டார்களை வேண்டுமென்றே கெடுத்துக் கெடுத்துச் சத்தம் எழுப்பிக் கொடுத்தார், அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. மூன்றாவது சத்தத்தின் நடுவில் பின்னால் இருக்கும் பாதையில் மின்சார ரயில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதை வெட்ட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். "ஒரு ரயிலாவது நெஜமா இருக்கட்டும்."

ஒவ்வொரு சத்தத்துக்கும் கீழே அக்கா போனில் சொல்வதை அப்படியே எழுதினேன். முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், இந்தச் சத்தமானால் நீங்களே சரி செய்யலாம், அந்தச் சத்தமானால் உடனே நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள் என்று. வியாழக்கிழமை காலை அந்த ஒரே பக்கம் ஏறியது. முதலாளி படித்துவிட்டு, "வர்ற ஆளைத் திருப்பி அனுப்பறதுக்கா நம்மகிட்ட வேலை குடுத்தாங்க?" என்று குதித்தார். நானும் குதித்தேன். இரண்டு பேரும் அன்று பேசிக்கொள்ளவில்லை, எனக்கு டீயும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தேடுபொறியில் நம் பக்கம் எங்கேயும் இல்லை. ஒரு நாளில் வந்துவிட இது என்ன மந்திரமா, எனக்குத் தெரிந்ததுதான். பதினோரு மணிக்கு ஆப் கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார், பேனாவைத் திறந்தார். அவர் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய் போர்டைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்போது போன் அடித்தது. "ஸ்டெல்லா அக்காவா? எங்க மோட்டார் ரெண்டாம் நம்பர் சத்தம் போடுதுங்க."

அக்கா முகவரியை எழுதுவதற்குள் அடுத்த போன். அதுவும் இரண்டாம் நம்பர். அடுத்தது நான்காம் நம்பர். விசாரித்தால், எல்லாம் அந்த ஆட்டோக்காரர் வேலை. இல்லாத ஸ்டேஷன் கதையை ஆட்டோ ஸ்டாண்டு குரூப்பில் அவர் போட, அந்த அப்பார்ட்மென்ட் அம்மா அதையே தங்கள் குடியிருப்பு குரூப்பில் போட, யாரோ சிரித்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த வெப்சைட் முகவரி வழியாகக் கடையின் பக்கத்தைப் பிடித்து, சத்தங்களைக் கேட்டு, அதையும் கூடவே அனுப்பியிருக்கிறார்கள். கேம்ப் ரோடு முழுக்க வீட்டுக்கு வீடு மோட்டார் பக்கத்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆப் கம்பெனிக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். ஏழாவது போன் முடிந்ததும் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "அக்கா, பெருங்களத்தூர்ல எங்க வீட்டு மோட்டாரும் ரெண்டு நாளா அந்த நாலாம் நம்பர் மாதிரிதான்…" என்றார்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அட்ரஸ் சொல்லு" என்றார் அக்கா. கையிலிருந்த படிவத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அந்தப் படிவம் இன்றைக்கும் கையெழுத்து இல்லாமல் அந்தக் கடையில் எங்கேயோ இருக்கிறது. மெக்கானிக்குகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஸ்கூட்டரில் திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னலில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட வேன் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் சுலபம். ஆனால் அது தொடர்ந்தது. சில மாதம் கழித்து வந்த அடுத்த அப்டேட்டில் எங்கள் ஐந்து சத்தப் பக்கம் உச்சிக்குப் போய் உட்கார்ந்தது. ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்து, தேடுபொறிக்கு மனசாட்சி இருக்கிறது என்று பிரசங்கம் செய்தேன். பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. இப்போது தேடினால் முதலில் விளம்பரங்கள், அதில் அந்த ஆப் கம்பெனியும் உண்டு. அடுத்து மெஷினே எழுதித் தரும் ஒரு பத்தி. படித்தால், வார்த்தைக்கு வார்த்தை அக்கா சொன்னது. எங்கள் பக்கத்துக்கு யாரும் வரவே தேவையில்லை. மைசூர்பாகைத் திரும்ப வாங்க முடிந்திருந்தால் வாங்கியிருப்பேன். நேரே இரும்புலியூர் போய்க் கத்தினேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அத்தைப் படிச்சவங்க வூட்ல தண்ணி வந்துச்சா?" என்றார்.

"வந்திருக்கும்."

"அப்போ அது ஜனத்துக்கு நல்லது. எம்பேரைப் போடாம எடுத்தான் பாரு, அது அவன் லாபம். திட்டறதுன்னா அத்தை மட்டும் திட்டுங்க மேடம். ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க."

அத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல பதிலை நான் எங்கேயும் கேட்டதில்லை. அப்டேட் வந்த நாளில் நீங்களும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரை விடுங்கள். சாதாரண போனை எடுத்து, தலையில் ஷாம்பு நுரையோடு தண்ணீர் நின்றுபோன ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு தேடுங்கள். உதவி செய்யும் ஆளிடம் போய்ச் சேருவதற்குள் எத்தனை முறை விரலால் தள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். வழியில் மறிப்பதெல்லாம் கம்பெனி லாபம். வழியிலிருந்து அகற்றப்பட்ட குப்பை ஜனங்களுக்குச் செய்த நல்லது. அந்தக் குப்பையில் உங்கள் கையெழுத்தும் இருந்தால், வாடிக்கையாளரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள், இல்லை திட்டுவார்கள். இரண்டையும் தாங்கிக்கொள்ளலாம், எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டு மோட்டார் மக்கர் செய்தது. பழக்க தோஷம், என் போனில் தேடினேன். நான்கு விளம்பரம், பிறகு மெஷினின் பத்தி, அதில் என் வாக்கியம். ரசித்து இரண்டு தடவை படித்தேன். ஆனால் என் மோட்டார் போடுவது எத்தனையாவது சத்தம் என்று அந்தப் பத்திக்குச் சொல்லத் தெரியவில்லை. என் எண்ணைக் கண்டால் கேலி செய்வாரே என்று என் வீட்டுக்காரரின் போனிலிருந்து அக்கா கடைக்குக் கூப்பிட்டேன். கடைச் சத்தத்தில் என் குரல் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

"போனை மோட்டார்கிட்ட வையுங்க" என்றார். வைத்தேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. தொட்டில தண்ணியே இல்ல, சும்மா கத்துது. மொதல்ல தொட்டியைப் பாக்கணும்னு தெரியாதா?"

தெரியும். அதை எழுதியவளே நான்தான்.

"லாரித் தண்ணி ஊத்தினதுக்கு அப்புறமும் ஏறலன்னா ஆளை அனுப்பறேன். வூடு எங்க கீது?"

"சேலையூர் ரயில்வே ஸ்டேஷன்லேருந்து பத்தே நிமிஷம்" என்றேன்.

எதிர்முனையில் அக்கா உள்ளே திரும்பிக் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. "என்னங்க, சீக்கிரம் வாங்க. ஸ்டேஷன் மாஸ்டர் லைன்ல கீறாங்க."